பெருசு கூடு கட்டுது

செருப்பை அங்கேயே விடுங்க மேடம். அந்தத் தொட்டியில ரெண்டு காலையும் முக்கிட்டு வாங்க. பிளீச்சிங் பவுடர் தண்ணிதான், ஒண்ணும் பண்ணாது. பட்டுப்புழு வளர்க்கற மனைப் பக்கம் யார் வந்தாலும் இதுதான் சட்டம். மந்திரியே வந்தாலும் மாதேஸ்வரி காலை நனைக்க வெச்சுட்டுத்தான் விடுவா.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் நொண்டி. இதுல உக்காருங்க. மூஞ்சியில ரெண்டு பக்கமும் டப்பா வெச்சு மாட்டியிருக்கீங்களே, அதைக் கழட்டிட்டு உக்காரலாம்ல? வேண்டாமா? சரி, உங்க இஷ்டம். எங்க குட்டிப் பொண்ணு பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பா.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். எங்க வீட்டுக்காரர் ஓசூர்லேர்ந்து மனு போட்டிருக்காரு. என் குழந்தையை வெளியே எடுத்துக் கொடுங்கன்னு எழுதியிருப்பாரு. எடுத்துக்கிட்டுப் போங்க, நானா தடுக்கறேன்? தன்ஷிகா உள்ளதான் இருக்கா. மூணு வயசு. பெருசு கட்டற கூட்டுக்குள்ள காலை நீட்டிக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கா. நேத்து காலையிலதான் கட்ட ஆரம்பிச்சுது. நேத்து அதோட வாய் முறம் அகலம் இருந்துச்சு. இப்ப சாப்பாட்டுத் தட்டு அகலம். விளக்கு வைக்கறதுக்குள்ள மூடிடும்னு நினைக்கறேன். மணி மூணுதானே ஆகுது, நேரம் இருக்கு. முதல்ல ஒரு டம்ளர் மோர் குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க.

குடிக்க மாட்டீங்களா? சரி, அப்புறம் குடிக்கலாம்.

எங்க ஊசி போட்டா இறங்கும்னு கேக்கறீங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாம அதை மட்டும் மயக்கணும். நல்ல கேள்விதான். ஆனா அதுக்கு முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும். எழுதிக்குங்க. நான் பத்தாவதுதான், நம்ம ஊர் பள்ளிக்கூடம்தான், ஆனா சயின்ஸ்ல எழுபத்தெட்டு. எட்டு வருஷமா பட்டுப்புழு வளர்க்கறேன். ஒரு உசுரு எப்ப தின்னும், எப்ப தலையைத் தூக்கும், எப்ப கூடு கட்டும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெருசு ஐப்பசி மழையில விழுந்துச்சு மேடம். மத்தியான நேரம். இடி மாதிரியும் இல்ல, வெடி மாதிரியும் இல்ல. சொத்துன்னு ஒரு சத்தம். ஓடிப்போய் பாத்தா கூரைத் தகரம் ஓட்டை, புழுத் தட்டுங்க நடுவுல தேங்கா அளவுக்கு ஒண்ணு கிடக்குது. மழைத்தண்ணி அதும்மேல பட்டதும் ஐஸா உறையுது. மேலேர்ந்து வந்ததுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. மரத்துலேர்ந்து விழுந்திருந்தா எதுக்கு அவ்வளவு ஜில்லுனு இருக்கப் போகுது?

ரெண்டே நாள். மனையில இருந்த தழை, புழு, எல்லாத்தையும் தின்னு முடிச்சுட்டுது. நாலாவது தோல் உரிச்ச புழுங்க மேடம், அரிசி மாதிரி இருந்ததை விரல் தண்டி ஆக்கி வெச்சிருந்தேன். வாசல்ல உக்காந்து ஓன்னு அழுதேன். அப்புறம் வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு, இன்னைக்கு உன்னை ஒரு வழி பண்றேன்னு உள்ள போனேன். போனேனா? கிட்ட போனதும் ஒரு வாசனை. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்ச்சு, குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டினா தலையில ஒரு வாசனை வருமே, அது. அப்படியே மனசு லேசாயிடுச்சு. வெளக்கமாத்தால தரையைக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அந்த வாசனை எங்கேர்ந்து வருதுன்னு பாத்தும் வெச்சிருக்கேன். பட்டுப்புழுவுக்கு மூச்சு விட ரெண்டு பக்கமும் ஒம்போது ஒம்போது ஓட்டை இருக்கும். இதுக்கு எண்ணி மாளாது. யாராவது கோவத்தோட கிட்ட வந்தா எல்லா ஓட்டையும் ஒண்ணா தொறக்கும். எங்க வீட்டுக்காரருக்கு அது புது மண்ணு வாசனை. பக்கத்து வீட்டு காவேரி அக்காவுக்குக் கருவாட்டுக் குழம்பு வாசனை. ஆளுக்கு ஒண்ணு. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்க!

அப்புறம் அதோட தோல். எழுதறீங்களா? இதுதான் முக்கியம்.

முதல்ல எங்க நாய் கடிச்சுது. மணின்னு பேரு. வாசனைக்கெல்லாம் மசியலை அது. பாஞ்சு போய் விலாவுல ஒரே கடி. பெருசு கத்தலை, துள்ளலை. கடிச்ச இடம் மாவு மாதிரி உள்வாங்கி, மணியையும் சேத்து உள்ளே இழுத்துக்கிச்சு. அப்புறம் தலையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு நாள் அசையாம நின்னுச்சு. எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு, இது தோல் உரிக்கப் போகுதுன்னு. புழு தலையைத் தூக்கி நின்னா தழை போடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, சுண்ணாம்புத் தூள் தூவணும். செஞ்சேன். எங்க வீட்டுக்காரர், "அடியே, அது நாயைத் தின்னுட்டு நிக்குது, நீ அதுக்குப் பவுடர் அடிக்கறே"ன்னாரு. "வளர்க்கறதுன்னு வந்துட்டா ஒழுங்கா வளர்க்கணும்"னு சொன்னேன்.

மூணாம் நாள் பழைய தோலை உருவிப் போட்டுச்சு. புதுத் தோல்ல, மணி கடிச்ச இடத்துல, ஒரு வரிசை பல்லு. நாய்ப் பல்லு. அதுக்கப்புறம் எந்த நாயும் கிட்ட போறதில்ல.

ரெண்டாவது தடவை, காவேரி அக்கா வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினாங்க. தூரத்துலேர்ந்து, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு. குபுகுபுன்னு எரிஞ்சுது மேடம். அது எரிஞ்சுக்கிட்டே தலையைத் தூக்கி நின்னுச்சு. தீ அணைஞ்சுது. தோல் உரிச்சுது. புதுத் தோல் அடுப்புக்கரி கணக்கா கறுப்பு, தொட்டா சுடும். இப்ப நெருப்பு வெச்சாலும் பத்தாது. நான் தினம் அதும்மேலதான் குட்டிக்கு வெந்நி வைக்கறேன். விறகு மிச்சம்.

சிரிக்கலையா? டப்பாவுக்குள்ள தெரியலை.

மூணாவது, எங்க வீட்டுக்காரர். பேரு சென்றாயன். கோவக்காரர் இல்ல, பயந்தவரு. அரிவாளால ஒரு வெட்டு வெட்டினாரு. அரிவாளும் போச்சு, வலது கையில ரெண்டு விரலும் போச்சு. ஆனா வலிக்கலைங்க அவருக்கு. வாசனை பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. "மாதேசு, விரலைக் காணோம்டி"ன்னு காட்டறாரு. நானும் சிரிச்சுட்டேன். அடுத்த தோல் இரும்புத் தகடு மாதிரி வந்துச்சு. தலைப்பக்கம் ரெண்டு நகம். பெருவிரலை ஒட்டின விரல்ல அவருக்கு நகம் கொஞ்சம் பொளந்திருக்கும், சின்ன வயசுல கதவுல நசுங்கினது. அதுவும் பொளந்துதான் இருக்கு.

ஆக, எதால அடிச்சாலும் அது அதையே போட்டுக்கும். ஊசி போட்டீங்கன்னா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. நான் படிக்காதவ.

இப்ப நாலாவது. இதை நான் யாருக்கும் முழுசா சொன்னதில்லை.

கையில கட்டோட கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு அவரு மறுபடியும் வந்தாரு. அன்னைக்கு மூக்குல புகையிலையை அடைச்சுக்கிட்டு வந்தாரு, வாசனை ஏறக்கூடாதுன்னு. கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துது, பாக்கவே சிரிப்பா இருந்துச்சு. கடப்பாரையை ஓங்கிட்டாரு மேடம். குட்டி எங்கேர்ந்து வந்தாளோ, "அப்பா, பாவம்ப்பா"ன்னு குறுக்கே ஓடி அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ஓங்கின கை அப்படியே நின்னுபோச்சு. கடப்பாரை கீழே விழுந்துச்சு.

பெருசு ரொம்ப நேரம் அவளையே பாத்துச்சு. கண்ணு கிடையாது அதுக்கு, ஆனாலும் பாத்துச்சுன்னுதான் சொல்லணும். அப்புறம் தலையைத் தூக்கிச்சு. யாரும் அடிக்காமலே. அன்னையிலேர்ந்துதான் அதுக்கு எம்புள்ள மேல அவ்வளவு பாசம்.

நாலாவது தோல் வந்தப்ப வயித்துப் பக்கம் ஒரு குழி. இரும்பும் இல்ல, கரியும் இல்ல, பட்டு மாதிரி. தன்ஷிகா உக்காந்தா அளவெடுத்துத் தெச்ச மாதிரி பொருந்துது. குழியோட ஓரத்துல ஒரு மச்சம். அவ கன்னத்துல இருக்கற அதே மச்சம், அதே இடம். ஊர்ல எந்தப் பிள்ளைக்காவது இப்படி ஒரு தொட்டில் இருக்கா? அதுல உக்காந்ததுலேர்ந்து சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, அடம் கிடையாது. சாப்பாடுகூடக் கேக்கறதில்ல. அழறதே இல்லைங்க. அவ அழுது மாசம் ஒண்ணாகுது.

ஏன் எழுதறதை நிறுத்திட்டீங்க? எழுதுங்க, எழுதுங்க.

உங்க ஆபீஸ்லேர்ந்து முந்தி ஒரு சார் வந்தாரு, குணாளன் சார். அவரும் உங்களை மாதிரிதான், டப்பா மாட்டிக்கிட்டு வந்தாரு. காதுல குழாயை வெச்சுப் பாத்துட்டு, "எலும்பு இல்ல, ரத்தம் இல்ல, இது நம்ம பூமியில பிறந்ததே இல்லைம்மா"ன்னாரு. அப்ப நிமிஷத்துக்கு ஒரே ஒரு துடிப்புதான் கேட்டுச்சாம். "இந்த வாசனைதான் இதோட முதல் கவசம். உங்க பயத்தைத் திருடுது. குழந்தையைத் தூக்கிக்கிட்டு பத்து மைல் தள்ளிப் போங்க, அப்ப தெரியும் என்ன நடந்திருக்குன்னு" அப்படீன்னு ரொம்பக் கோவப்பட்டாரு. அப்புறம் வேர்த்து ஊத்துதுன்னு முகம் கழுவப் போனாரு. முகம் கழுவணும்னா டப்பாவைக் கழட்டித்தானே ஆகணும்? கழட்டினாரு. அவ்வளவுதான், கோவமெல்லாம் போயிடுச்சு. அதோ, மல்பெரித் தோட்டத்துல குனிஞ்சு தழை அறுக்கறாரு பாருங்க, லுங்கி கட்டிக்கிட்டு. அவர்தான். சார்! யார் வந்திருக்காங்க பாருங்க! ... சிரிக்கறாரு. அவர் எப்பவும் சிரிச்ச முகம்தான்.

போன வாரம் குழாயை வெச்சுப் பாத்து, இப்ப ரெண்டு துடிப்பு கேக்குதுன்னு சொன்னாரு. ஒண்ணு மெதுவா. ஒண்ணு படபடன்னு, சின்னப் பிள்ளைக்கு அடிக்கற மாதிரி.

பத்து மைல் தள்ளியா? போனேன் மேடம், அதையும் பாத்துட்டேன். பிளீச்சிங் பவுடர் வாங்க தருமபுரிக்கு பஸ் ஏறினேன். குட்டியை இங்க விட்டுட்டுத்தான். ஏரிக்கரை தாண்டினதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. "எம்புள்ள, எம்புள்ள"ன்னு கத்தறேன். பஸ்ஸே திரும்பிப் பாக்குது. கண்டக்டர், "என்னம்மா, குழந்தையைத் தொலைச்சுட்டியா"ன்னு கேக்கறாரு. நடுவழியில இறங்கி ஓட்டமும் நடையுமா வந்தேன். நம்ம தோட்டத்து வேலி வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சு. எனக்கு பஸ் ஒத்துக்கறதில்லைன்னு நினைக்கறேன். கல்யாணத்துக்கு முன்னாலயே பஸ்ல வாந்தி வரும்.

எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். இங்க இருந்தா நல்லா இருப்பாரு, ஓசூர் போனா அழுவாரு. கம்பெனி வேலைக்குப் போறேன்னு போனவரு, குட்டியைக் கூட்டிட்டுப் போக ரெண்டு தடவை வந்தாரு. ரெண்டு தடவையும் அவளைத் தூக்க உள்ள போனாரு. சிரிச்சுக்கிட்டே வெளிய வந்து, நல்லா சாப்பிட்டுட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு வெறுங்கையோட போயிட்டாரு. ஓசூர் போய் இறங்கினதும் போன்ல கதறறாரு. "நான் இனிமே வரமாட்டேன் மாதேசு. வந்தா மறந்துடறேன். எம்புள்ளையை விட்டுட்டு வந்துடறேன்"னு. என்ன ஜென்மமோ. பெத்த பிள்ளையை யாராவது மறப்பாங்களா?

இப்ப கூடு. எந்தப் புழுவும் நாலு தோல் உரிச்சதும் எட்டு நாள் மாடு மாதிரி தின்னும். அப்புறம் தின்னறதை நிறுத்திட்டு, உடம்பெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தலையை இப்படி அப்படி ஆட்டும். கூடு கட்ட இடம் தேடுதுன்னு அர்த்தம். பெருசு ஒரு மாசம் தின்னுட்டு அப்படியே ஆட்டுச்சு. நானும் காவேரி அக்காவும் மூங்கில் கட்டி, கயிறு இழுத்து, இடம் பண்ணிக் கொடுத்தோம். நூல் வெள்ளையும் இல்ல, மஞ்சளும் இல்ல, ஒரு சதைக் கலர்.

உள்ள போனதும் என்ன ஆகும்னா, புழு கரையும் மேடம். கூட்டை அறுத்துப் பாத்திருக்கேன். நடுவுல ஒரு கட்டத்துல வெறும் கூழுதான் இருக்கும், கை எது கால் எதுன்னு தெரியாது. அந்தக் கூழுலேர்ந்துதான் அந்துப்பூச்சி எழும்பும். அதுக்குள்ள நாங்க கூட்டை மார்க்கெட்டுக்கு அனுப்பிடுவோம், அங்க ஆவியில வெச்சுடுவாங்க. எட்டு வருஷத்துல எத்தனை லட்சம் கூடு அனுப்பியிருப்பேன், ஒரு நாளும் மனசு கலங்கினதில்லை. ஆனா இதை ஆவியில வைன்னு சொன்னா முடியாது. உள்ள என் குழந்தை இருக்கால்ல? கரையறது புழுதான். தன்ஷிகா புழு இல்லையே. அவ பாட்டுக்குத் தூங்குவா.

அட, காத்து திரும்புது பாருங்க. மேக்காத்து. மாசி மாசத்துல இப்படித்தான், திடீர்னு மலைப்பக்கமிருந்து ஒரு தூக்கு தூக்கும். புழுதியைப் பாருங்க, எல்லாம் மனைப் பக்கமா அடிச்சுக்கிட்டுப் போகுது. வாசனையே இல்ல இப்ப.

மேடம்.

மேடம், எம்புள்ளை உள்ள இருக்கா. மணி என்ன? மூடப்போகுது மேடம். அது மூடப்போகுது. என்ன உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கீங்க? எழுந்திருங்க. தட்டு அகலம் இருக்கு, இழுத்துடலாம், தோளு நுழையும், நான் காலைப் பிடிக்கறேன், நீங்க தலையை... ஐயோ, ஒரு மாசமா அவளுக்கு சோறு ஊட்டலையே நான். நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் மேடம்? தூக்கிட்டுப் போயிடுங்க. நான் வேண்டாம்னு சொன்னாலும் கேக்காதீங்க. நான் சிரிச்சா என்னை அறைஞ்சுட்டு...

...

காத்து நின்னுடுச்சு. அப்பாடா. என்ன புழுதி!

ஐய, உங்க கையை ஏன் இப்படிப் பிடிச்சிருக்கேன்? கிளவுஸே கிழிஞ்சுபோச்சே. கண்ணெல்லாம் தண்ணி எனக்கு. தூசி விழுந்திருக்கும். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், அந்துப்பூச்சி.

நில்லுங்க, எங்க ஓடறீங்க? உள்ள போறீங்களா? போலாம், யார் வேண்டாம்னா? ஆனா அந்த கிளவுஸோட விடமாட்டேன். எங்கெங்க தொட்டதோ, என்னென்ன கிருமியோ. கழட்டிட்டு இந்த மருந்துத் தண்ணியில கையைக் கழுவுங்க. கோவிச்சுக்காதீங்க, மனைச் சட்டம். அப்படித்தான். முழங்கை வரைக்கும்.

உங்க கை ஏன் இப்படி நடுங்குது? வேர்த்து ஊத்துதே. டப்பாவுக்குள்ள மூச்சு முட்டுதா? கண்ணாடியெல்லாம் ஆவி பிடிச்சு ஒண்ணும் தெரியலை உங்களுக்கு. அந்தத் தூணைப் பிடிச்சுக்குங்க, விழுந்துடாதீங்க. வெயில்ல வந்து, ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்தா மயக்கம்தான் வரும். நான் அப்பவே சொன்னேன். இந்தாங்க மோரு. எனக்காக ஒரே வாய் குடிங்க. விழுந்துட்டா குழந்தையை யார் தூக்கறது?

டப்பாவைக் கொஞ்சம் மேலே தூக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆ.

எப்படி இருக்கு? பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா?

நடுக்கம் நின்னுடுச்சு பாத்தீங்களா. முகம் எவ்வளவு லட்சணமா இருக்கு, இதையா மூடி வெச்சிருந்தீங்க? என்ன வாசனை வருது உங்களுக்கு? மருதாணியா! ஆளுக்கு ஒண்ணுன்னு சொன்னேன்ல. உக்காந்து மெதுவா குடிங்க. இன்னும் ஒரு டம்ளர் ஊத்தறேன். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? ஒரு பையன், ரெண்டாவது படிக்கறானா? லீவு விட்டதும் கூட்டிட்டு வாங்க. பெருசு அதுக்குள்ள வெளிய வந்துடும்.

வாங்க, இப்ப பாக்கலாம். தலை குனிஞ்சு வாங்க, மூங்கில் இடிக்கும். இதோ. பேசிக்கிட்டே இருந்ததுல வாய் எவ்வளவு சின்னதாயிடுச்சு பாருங்க, வளையல் அளவுக்கு. குட்டி! தன்ஷிகா! அம்மா வந்திருக்கேன் பாரு, மேடம் வந்திருக்காங்க பாரு.

கேட்டீங்களா? அம்மான்னா. ரெண்டு குரலா கேட்டுச்சா உங்களுக்கும்? இந்தக் கூட்டுல எதிரொலி ஜாஸ்தி.

இருங்க, போன் அடிக்குது. அவர்தான். உங்களை அனுப்பிட்டு மணிக்கொரு தரம் அடிச்சுக்கிட்டே இருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க பெரிய ஆபீசர், நீங்களே பேசுங்க. நீங்க கண்ணால பாத்ததைச் சொல்லுங்க.

ஆமா, அப்படிச் சொல்லுங்க. குழந்தை நல்லா இருக்கா, சிரிச்சுக்கிட்டு இருக்கா, ஒண்ணும் பயப்பட வேண்டாம்னு.

என்ன சொல்றாரு? "நீங்களுமா மேடம்"னு கேக்கறாரா? எதுக்கு அப்படிக் கேக்கறாரு? அழறாரா? அழுகைச் சத்தம் எனக்கே கேக்குது. வெச்சுடுங்க, அவரு அப்படித்தான்.

உங்க கைப்பை அந்தச் சேர் மேலேயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. வாங்க, குணாளன் சார் கூட்டைச் சுத்தி மூடறதுக்குத் தழை கொண்டுவந்துட்டாரு. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன். அப்படியே அந்தக் கதவை ஒரு தள்ளு தள்ளிச் சாத்திடுங்க மேடம். கூடு மூடற நேரத்துல காத்து படக்கூடாது.